எழுதியது யார் என்று தேடாதீர்கள்

முதுகலை மாணவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியர்மீது புகார் எழுதிக் கொடுத்தால் நம் கல்லூரிகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “இதை எழுதினது யாரு?” கையெழுத்தை அசைன்மென்ட் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கொஞ்சம் துடுக்காகப் பேசும் பையனைத் தனியே அழைத்து விசாரிக்கிறார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணிடம், “உங்க அப்பாவுக்கு போன் போடவா?” என்று கேட்கிறார்கள். இரண்டு நாளில் ஆள் அகப்பட்டுவிடுகிறது. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பாடம் நடந்ததா, நடக்கவில்லையா என்பதை மட்டும் கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

இந்த வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியில்லை. முதுகலைப் படிப்பு என்பது நான்கே பருவங்கள். முதல் பருவம் புது இடத்துக்குப் பழகுவதில் போய்விடும். கடைசிப் பருவத்தை ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும் எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற இரண்டு பருவங்களில் ஒன்றை நாம் வீணாக்கினால் அந்த மாணவர் திரும்ப வந்து அதை நம்மிடம் கேட்டு வாங்கிக்கொள்ள முடியாது.

நானும் நெடுங்காலம் முதுகலை வகுப்புகளுக்குப் பாடம் சொன்னவன். ஓய்வு பெற்ற பிறகும் மாணவர்கள் தேடி வருகிறார்கள். அண்மையில் வேறொரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி, தன் வகுப்பினர் எழுதிய புகாரைக் கொண்டுவந்து காட்டினாள். கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம். மாணவர்கள் கையெழுத்தை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டிருந்தார்கள். “முதல்ல போட்டது யாருன்னு தெரியக் கூடாதுல்ல சார்” என்றாள். இருபத்தொரு, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியருக்கு அஞ்சி இப்படியொரு உபாயம் தேடியிருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் இல்லை. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இந்தத் தாளுக்கு நான்கு வகுப்புகள்தான் நடந்தன. மூன்றாம், நான்காம் அலகுகளை எங்களுக்கே பிரித்துக் கொடுத்து செமினார் எடுக்கச் சொன்னார்கள்; நாங்கள் தவறாகச் சொன்னதையும் திருத்தவில்லை. முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாளைத் தரவில்லை. மதிப்பெண்ணை மட்டும் பலகையில் ஒட்டினார்கள். சந்தேகம் கேட்டால், இதுகூடத் தெரியாமலா எம்.ஏ.வுக்கு வந்தாய் என்கிறார்கள். இவ்வளவுதான் புகார். கடைசி வரியில், எங்களுக்குப் பாடம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

இதை எப்படி ஆசிரியருக்கு எதிரான கடிதம் என்று சொல்வது? ஆசிரியரை வகுப்புக்கு வரச் சொல்லி எழுதிய கடிதம் இது. பாடம் வேண்டாம், தேர்ச்சி மட்டும் போடுங்கள் என்று ஒரு வகுப்பு எழுதிக் கொடுத்தால் நாம் கவலைப்படலாம். பாடம் வேண்டும் என்று கேட்பவனைக் குற்றவாளியாக நிறுத்துகிறோமே, இது என்ன நியாயம்?

கணக்கைப் பார்ப்போம். ஒரு முதன்மைத் தாளுக்குக் கால அட்டவணையில் வாரத்துக்கு ஆறு மணி நேரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு வேலைநாள் பருவத்தில் பதினைந்து வாரம். மொத்தம் 90 மணி நேரம். ஐந்து அலகுகளுக்குப் பிரித்தால் அலகுக்கு 18 மணி. அந்த ஆறில் இரண்டு மணி மட்டும் ஆசிரியர் வந்தால், பருவம் முழுவதற்கும் கிடைப்பது 30 மணி. அதிலும் வருகைப்பதிவு, தாமதம், தொலைபேசி அழைப்பு எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு? 18 மணி நேரம் சொல்ல வேண்டிய அலகை நான்கு மணியில் சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் முக்கியக் கேள்விகள் என்று பத்தைக் குறித்துக் கொடுத்தால், மாணவர் தேர்வில் தேறிவிடுவார். பட்டமும் வாங்கிவிடுவார். இரண்டு ஆண்டு கழித்து முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கோ நெட் தேர்வுக்கோ உட்காரும்போதுதான், மூன்றாம் அலகு என்று ஒன்று தன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் நேரடி வகுப்பு. நாள்தோறும் குறைந்தது ஐந்து மணி நேரமாவது கல்லூரியில் மாணவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும். ஆண்டுக்கு 180 கற்பிக்கும் நாட்கள். பதவி உயர்வுக்குப் படிவம் நிரப்பும்போது இதே ஒழுங்குமுறையின் ஒவ்வொரு பிரிவையும் தேடித் தேடிப் படிக்கிறோம். அதில் கற்பித்தல் பற்றிச் சொல்லியிருப்பதையும் படிக்க வேண்டும். நிரந்தரப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அரசுக் கல்லூரியிலும் உதவிபெறும் கல்லூரியிலும் அதைத் தருவது மக்களின் வரிப்பணம். அந்த மக்களின் பிள்ளைகள்தாம் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செமினார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். இன்று மிக அதிகமாகப் பாடத்தைக் காவு கொடுப்பது அதன் பெயரால்தான். மாணவர் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு நூலகத்தில் தேடி, ஆசிரியரிடம் இரண்டு முறை காட்டித் திருத்தி, வகுப்பில் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்வது அருமையான பயிற்சி. முதுகலைக்கு அது கட்டாயம் வேண்டும். நடப்பது அதுவா? பருவத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தைத் துண்டு போட்டு வருகைப்பதிவு வரிசைப்படி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இணையத்தில் கிடைத்ததை எடுத்து பிபிடி ஆக்கி, திரையைப் பார்த்து வாசிக்கிறார்கள். ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து கைபேசியில் செய்தி பார்க்கிறார். முடிந்ததும், “ம்… நெக்ஸ்ட்.” தப்பு திருத்தப்படவில்லை, சரியும் பாராட்டப்படவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் அந்தத் தப்பையே குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியராகப் போவார்கள். அதே குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்வார்கள். நாம் திருத்தாமல் விட்ட ஒரு வரி எத்தனை வகுப்பறைக்குப் போய்ச் சேருகிறது என்று யோசியுங்கள்.

அடுத்து இன்டர்னல் மதிப்பெண். பெரும்பாலான பாடங்களில் 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வுக்கு, 25 உள்மதிப்பீட்டுக்கு. தன்னாட்சிக் கல்லூரிகளில் உள்மதிப்பீட்டின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. ஆண்டு முழுவதும் மாணவரைக் கவனித்து, தேர்வுக்கூடத்தின் மூன்று மணி நேரத்தில் தெரியாத திறமைக்கும் மதிப்புத் தரலாம் என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. பல இடங்களில் அது மாணவனின் வாயை அடைக்கும் கருவியாகிவிட்டது. “கேள்வி கேட்டா இன்டர்னல்ல கை வெச்சுடுவாங்க சார்.” இந்த வாக்கியத்தை வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கேட்டிருக்கிறேன். ஆசிரியரின் வண்டியைச் சர்வீசுக்கு விட்டு எடுத்துவருவது, வங்கியில் வரிசையில் நிற்பது, ஆசிரியரின் முனைவர் பட்ட ஆய்வுக்கு விவரங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் இந்த 25 மதிப்பெண்ணின் நிழலில்தான் நடக்கின்றன. நீங்கள் மிரட்டியிருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்போது, “தம்பி, ஒரு வேலை இருக்கு” என்பதே மிரட்டல்தான். செய்யாதீர்கள்.

பின்னூட்டப் படிவம் இருக்கிறதே என்று நிர்வாகம் சொல்லும். கல்லூரிக்கு நாக் தரமதிப்பீடு நடக்கும் ஆண்டில் எல்லாத் துறைகளிலும் படிவம் கொடுக்கிறார்கள். யாரைப் பற்றி நிரப்ப வேண்டுமோ அவரே வகுப்பில் நின்று வாங்கிக்கொள்கிறார். மேலே பதிவெண் எழுதச் சொல்கிறார். அப்புறம் எல்லாப் படிவத்திலும் ‘மிக நன்று’ என்று இருப்பதில் என்ன வியப்பு? அந்தத் தாள்களைக் கூட்டிப் போட்டு வரைபடம் வரைந்து கோப்பில் வைப்பது பொய்ச் சாட்சியை அச்சடிப்பதற்கு ஒப்பு.

தமிழ் படித்தவர்களுக்கு நான் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர் யார் என்று சொல்வதோடு நிற்கவில்லை. ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்றும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. நான்கு உவமை. கழற்குடம் ஒன்று: கழற்சிக்காய்களைப் போட்டுக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வெளியே வராது, அப்படி முன்பின் இல்லாமல் பாடத்தைக் கொட்டுகிறவர். மடற்பனை: கருக்கு மட்டை சூழ்ந்த அந்த மரத்தில் ஏற முடியாது, தானாக விழுவதைத்தான் பொறுக்க வேண்டும், அறைக் கதவைத் தட்டவே மாணவன் அஞ்சும் ஆசிரியர் அவர். பருத்திக் குண்டிகை: சிறிது சிறிதாக அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே பிடுங்கி எடுக்க வேண்டும், கேட்டுக் கேட்டு வாங்கினாலும் துணுக்குதான் கிடைக்கும். கடைசியாக முடத்தெங்கு: ஒரு வீட்டில் நீர் குடித்து, வளைந்துபோய் அடுத்த வீட்டு முற்றத்தில் காய்க்கிற தென்னை.

இந்த நான்காவதைப் படிக்கும்போதெல்லாம், கல்லூரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, உழைப்பையும் தயாரிப்பையும் மாலைநேரப் பயிற்சி மையத்துக்கு எடுத்துவைத்துக்கொள்ளும் சில ஆசிரியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே நேரம் தவறுவதில்லை, வார்த்தை தடிப்பதில்லை, அச்சிட்ட குறிப்புகள் தயாராக இருக்கின்றன. அதே ஆசிரியர் காலையில் தம் வகுப்புக்கு இருபது நிமிடம் கழித்து வருகிறார். திறமை இல்லாதவரிடம்கூட எனக்குக் கோபமில்லை; திறமையை வகுப்பறைக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறவரை மன்னிக்க முடியவில்லை.

அதே பொதுப்பாயிரம் பாடம் சொல்லும் முறையையும் வகுத்திருக்கிறது. சொல்லப்போகும் பொருளை முன்பே உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். அவசரம் கூடாது, சினம் கூடாது, முகம் மலர்ந்திருக்க வேண்டும், கேட்பவன் எந்த வகையில் கொள்வான் என்று அறிந்து கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் இதைப் பாடமாக நடத்துகிறோம்; மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். படித்ததை வைத்து நம்மை அளந்து பார்க்க அவர்களுக்குத் தெரியும்.

1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், தொடக்க நாட்களைத் தம் ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார். பிள்ளை, புதிதாக வந்த அவரை முதலில் தம் மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கச் சொன்னார். ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்பது சாமிநாதனின் ஆசை. வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. பிள்ளை தம் தோட்டத்து மரங்களில் புதுத்தளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் பார்த்து மகிழ்வது வழக்கம். சாமிநாதன் முன்னதாகவே எழுந்து, எங்கெங்கே தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்திருந்து அவருக்குக் காட்டினார். அப்படி நெருங்கித்தான் தம் விருப்பத்தை அவரிடம் வெளியிட முடிந்தது. பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. சவேரிநாதனிடம் கேட்டால் போதாதா என்று தட்டிக்கழிக்கவுமில்லை. தாமே பாடம் சொல்லத் தொடங்கினார்.

‘நீங்களே பாடம் சொல்லுங்கள்’ என்ற அந்த விருப்பமும் ஒரு குறையை ஒட்டியதுதான். அன்று பிள்ளை முகம் சுளித்திருந்தால் அந்தப் பதினாறு வயதுப் பையன் என்ன ஆகியிருப்பார்? அதனால் தமிழுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் தயங்கி நிற்கிற பிள்ளைகளில் யார் யாராக வருவார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நம் பக்கத்திலும் குறைகள் உண்டு. காலிப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படவில்லை. சேர்க்கை, கல்வி உதவித்தொகை, தேர்தல் பணி, நாக் கோப்புகள் எல்லாம் ஆசிரியர் தலையில்தான் விழுகின்றன. கௌரவ விரிவுரையாளர்களின் நிலைமை கொடுமை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் அவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அதற்காகச் சங்கம் சேருங்கள், கோட்டை வரை போங்கள். நானும் உடன் வருகிறேன். ஆனால் அரசோடு உள்ள வழக்குக்கு மாணவனைத் தண்டிக்கக் கூடாது. நான் கேட்ட புகார்களில், குறைந்த ஊதியத்தில் வேலைசெய்யும் கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றி வந்தவை மிகக் குறைவு. அவர்கள் நடத்திய பாடம்தான் புரிந்தது என்று சொன்ன பிள்ளைகளே அதிகம். ஆகவே, வசதி இல்லை என்பதை எல்லாவற்றுக்கும் பதிலாக வைக்க முடியாது.

இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மாணவியிடம் தகாத பேச்சு, வேளைகெட்ட வேளையில் அழைப்பு, சாதியைச் சுட்டி இழிவு செய்வது ஆகியவை ‘சரியாகப் பாடம் நடத்தவில்லை’ என்ற வரிசையில் வருபவை அல்ல. அவை குற்றங்கள். சட்டமும் உள்ளகப் புகார்க் குழுவும் இருப்பது அதற்காக. துறைக்குள் பேசி முடிக்கலாம் என்று எந்தத் தலைவரும் சொல்லக் கூடாது.

துறைத்தலைவர்களே, முதல்வர்களே, 2023இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி உங்கள் கல்லூரியில் ஒரு குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும். அதில் மாணவர் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. புகார் வந்து 15 வேலைநாட்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் மாணவர் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் முடிக்க வேண்டும். நேர்மையற்ற மதிப்பீடும் தரமான கல்வியை மறுப்பதும் இந்த ஒழுங்குமுறையில் குறையாகவே கொள்ளப்படுகின்றன. உங்கள் கல்லூரியில் இப்படியொரு குழு இருப்பது எந்த மாணவருக்குத் தெரியும்? அறிவிப்புப் பலகையில் உறுப்பினர் பெயர் இருக்கிறதா? புகார் வந்தால் முதலில் கால அட்டவணையையும் வகுப்புப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். நான்கு வகுப்பு என்று பிள்ளைகள் எழுதியிருந்தால், பதிவேட்டில் எத்தனை என்று பாருங்கள். விடைத்தாள் தரவில்லை என்றால், அந்தக் கட்டை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உண்மை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். புகார் பொய் என்றால் அந்த ஆசிரியரின் மானத்தைக் காப்பதும் உங்கள் கடமை. அதையும் பதிவேட்டைக் காட்டித்தான் செய்ய முடியும். கையெழுத்து ஆராய்ச்சியால் முடியாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். தேதி போடுங்கள். ஆசிரியரின் குடும்பத்தையோ தோற்றத்தையோ உச்சரிப்பையோ இழுக்காதீர்கள். கண்டிப்பாக மதிப்பெண் போடுகிறார், கடினமாகக் கேள்வி கேட்கிறார், வருகைப்பதிவில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதெல்லாம் புகார் ஆகாது. அவை அவருடைய வேலை. வாட்ஸ்அப்பில் கேலிப்படம் போட்டுவிட்டு அதைப் போராட்டம் என்று நினைக்காதீர்கள். முதலில் இரண்டு மூன்று பேராகப் போய் ஆசிரியரிடமே பணிவாகச் சொல்லிப் பாருங்கள். மாறியவர்களை நான் கண்டிருக்கிறேன். மாறாவிட்டால் எழுத்தில் கொடுங்கள், நகலுக்கு ஒப்புகை வாங்குங்கள். என்னிடம் வந்த மாணவி “கொடுக்கலாமா சார்?” என்று கேட்டாள். கொடு என்றுதான் சொன்னேன்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பெயர் ஏதாவது ஒரு புகாரில் இருந்தால், கோபம் தணிந்த பிறகு அதை ஒருமுறை தனியாக உட்கார்ந்து படியுங்கள். உண்மை இருந்தால், யார் எழுதினார்கள் என்று தேடாமல், வகுப்பில் போய், “இனி இப்படி நடக்காது” என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது. திருத்தாத விடைத்தாள்களை இந்த வாரமே திருத்திக் கையில் கொடுங்கள். எங்கே மதிப்பெண் போனது என்று ஓரத்தில் எழுதுங்கள். செமினாரில் தவறாகப் போன பகுதிகளை நீங்களே மறுபடி நடத்துங்கள். இந்தப் பருவத்தில் மிச்சமிருக்கும் வேலைநாட்களை இன்றிரவே எண்ணி, முடிக்க வேண்டிய அலகுகளைப் பக்கத்தில் எழுதுங்கள். நாளை முதல் மணிக்கு, மணி அடிக்கும்போதே, அந்தத் தாளோடு வகுப்பில் இருங்கள்.